கோமதிநாயகம் அத்தானின் காது

சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த பக்கம் முழுக்க விசைத்தறி. அந்தத் தறித் தெருக்களுக்கு நடுவில் நகராட்சி ஒரு பூங்கா வைத்திருந்தது. பூங்கா என்று போர்டில்தான் இருந்தது. உள்ளே நாலு அரளிச் செடி, தண்ணீர் வராத ஒரு நீரூற்று, ஒரு வாதா மரம், செத்துப்போனவர்கள் பெயரைப் பொறித்த சிமெண்டு பெஞ்சுகள், கம்பத்தில் கட்டிய ரேடியோக் குழாய். காற்று வாங்குவதற்கென்று யாரும் அங்கே போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. தூங்கத்தான் போவார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. மழை பொய்த்துவிட்டது, அணையில் தண்ணீர் இல்லை என்று சொல்லி நினைத்த நேரத்தில் கரண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போனால் தறி நின்றுவிடும். தறிக்காரர்கள் தோளில் துண்டோடு பூங்காவுக்கு வந்து, கிடைத்த நிழலில் ஆடு கிடை போட்ட மாதிரிக் கிடப்பார்கள். கரண்ட் திரும்பி வந்தது முதலில் தெரிவது ரேடியோவில்தான். அதை யாரும் அணைப்பது கிடையாது. பருத்தியில் காய்ப்புழு என்றோ, நாளை வறண்ட வானிலை என்றோ அது பாதிப் பேச்சிலிருந்து தொடங்கியதும் அத்தனை பேரும் எழுந்து துண்டை உதறிவிட்டு நடையைக் கட்டுவார்கள். முகம்கூடக் கழுவமாட்டார்கள். ஆள் வரப் பிந்தினால் முதலாளி தறியில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்.

அப்படிக் கிடந்தவர்களில் ஒருவர் கோமதிநாயகம். என் அக்கா தங்கத்தாயின் வீட்டுக்காரர். எனக்கு அத்தான். மீசை முளைக்கும் முன்பே தறிக்குப் போனவர். ராத்திரி ஷிப்டு முடித்து, வராத ஆளுக்குப் பதிலாகப் பகல் ஷிப்டும் பார்த்துவிட்டு, கண் சிவக்க வருவார். சோற்றைப் பிசைந்தபடியே தூங்கி விழுவார். ஆரம்பத்தில் அவரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "மச்சினன் கூப்பிட்டா திரும்பிப் பாக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன திமிரு?" என்று அக்காவிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அவருக்குக் காது போய்விட்டது.

தறிக்காரர்களுக்கு அது ஒரு வியாதியே இல்லை. நாள் முழுக்க அந்த 'டடக் டடக்' சத்தத்துக்குள் நின்றால் காது எத்தனை வருஷத்துக்குத் தாங்கும்? தறிக்கூடத்தில் வாயால் பேசி ஆவதும் ஒன்றுமில்லை. கை ஜாடை, உதட்டசைவு, இவ்வளவுதான் பேச்சு. அத்தானும் எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார். புரியாத பாதிக்குத் தலையாட்டிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், முத்துத்தாய். எட்டாம் வகுப்போடு நிறுத்தி, அப்பா வேலை பார்த்த அதே தறிக்கூடத்தில் தார் சுற்றப் போனாள். தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற வேலை. அவளை அங்கே அனுப்பியதில் அத்தானுக்குச் சம்மதமே இல்லை. ஆனால் வீட்டில் அரிசி வேண்டுமே. ஒரு தடவை, குடிக்காத மனுஷன், குடித்தவர் மாதிரிக் கண் கலங்க என்னிடம் சொன்னார்: "மாப்ளே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். தறிச் சத்தம் கேக்காத ஊர்ல ஒருத்தன் கையில இவளப் பிடிச்சுக் குடுத்துரணும். எங்கதி இவளுக்கு வரக் கூடாது." சத்தமாகத்தான் சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தெருவே கேட்டது.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பெயர் குருநாதன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. வீட்டில் மாடு, பின்னால் கிணறு, கொஞ்சம் வயல். அக்கம்பக்கத்தில் ஒரு தறிகூடக் கிடையாது என்று நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அத்தானிடம் அதைக் கையைக் காலை ஆட்டி விளக்கினபோது அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு சிக்கல். பையனின் அம்மா பார்வதியம்மாள், "குடும்பத்துல குறை நோவு ஒண்ணும் கிடையாதுல்லா?" என்று தரகரிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். காது மந்தம் ரத்தத்தில் இறங்கும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். தறி தின்ற காது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாணம் முடியும்வரை அத்தானின் காது விஷயம் வெளியே வரக் கூடாது என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். தாய்மாமன் என்ற முறையில் யோசனை என்னுடையதுதான். வீட்டில் வைத்துப் பெண் பார்க்க முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்துவிட்டால் அங்கே யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அநேகமாகக் கரண்ட் இருக்காத நேரமாகப் பார்த்து, பூங்காவில் வைத்துக்கொள்வது. அமைதியாக இருக்கும். பிடிக்காவிட்டாலும் பூங்காவுக்கு வந்தோம், போனோம் என்று போய்விடும். அத்தான் ஒன்றும் பேச வேண்டாம், வணக்கம் சொல்லித் தலையாட்டினால் போதும் என்றும் சொல்லி வைத்தோம்.

மனுஷன் முந்தின ராத்திரியும் தறியில் நின்றுவிட்டுத்தான் வந்தார். சாயங்காலத்துக்குத் கரண்ட் வந்தால் தன் தறியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கூட வேலை பார்க்கும் மன்சூர் அலியிடம் ஒப்படைத்திருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. தலைமுடியில் மட்டும் பஞ்சுத் தூசி எத்தனை குளித்தும் போகவில்லை. அக்கா அதை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள்.

வாதா மரத்தடி பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்தார்கள். எதிர் பெஞ்சில் நாங்கள். சுற்றிலும் தறிக்காரர்கள் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார்கள். "இது என்ன, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?" என்றாள் பார்வதியம்மாள். நான் சிரித்து மழுப்பினேன்.

அவள் வாய் நிறைய வெற்றிலை. நாங்கள் யோசிக்காமல் விட்டது அதைத்தான். வெற்றிலை மெல்லுகிற உதட்டில் அத்தான் எதைக் கண்டுபிடிப்பார்? அவள் என்ன கேட்டாலும் தலையாட்டினார். "வெயிலு என்னா காட்டு காட்டுது, இல்ல அண்ணாச்சி?" என்றாள். ஆட்டினார். "மழை வருமா?" என்றாள். அதற்கும் ஆட்டினார். நல்லவேளை, அதுவரை கேள்விகள் அப்படி இருந்தன. மற்றதுக்கெல்லாம் அக்கா முந்திக்கொண்டு பதில் சொன்னாள். முத்துத்தாய் பச்சைச் சேலையில் தலை குனிந்திருந்தாள். குருநாதன் அவளை நிமிர்ந்து பார்ப்பதும் செருப்பைப் பார்ப்பதுமாக இருந்தான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

பார்வதியம்மாள் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நேராக அத்தானைப் பார்த்துச் சொன்னாள்: "எங்களுக்குத் திருப்தி. பொண்ணைத் தாரீகளா அண்ணாச்சி? ஒங்க வாயால சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ரேடியோ பேசத் தொடங்கியது. தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். ராத்திரி முழுக்க முழித்த கண்ணோடு பாதி மயக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான், ஊரே எழுவதைக் கண்டதும் தானும் எழுந்தார். துண்டை உதறினார். அவர் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் என்ன செய்வார், பாவம்! கால் பழகின பழக்கம்.

பார்வதியம்மாள் முகம் கறுத்துவிட்டது. "பொண்ணு கேட்டா எந்திச்சுப் போறாரே. எங்கள என்னன்னு நெனச்சாரு?"

"அத்தான்! ஏ அத்தான்!" என்று கத்தினேன். கூட்டத்தோடு கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அக்கா கையைப் பிசைந்தாள்.

முத்துத்தாய் சட்டென்று குனிந்தாள். கீழே கிடந்த ஒரு வாதாங்காயை எடுத்து, குறி பார்த்து, அப்பா முதுகில் எறிந்தாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில், பட்டுச் சேலை கட்டின பெண், பெற்ற அப்பாவைக் காயால் எறிந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ஆனால் தறிக்கூடத்தில் அதுதான் வழக்கம். முதுகைக் காட்டி நிற்கிறவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கழிவு நூலை உருட்டி எறிவார்கள். வயசு வித்தியாசம் எல்லாம் அதில் கிடையாது. அத்தான் திரும்பினார். அவள் இரண்டு விரலைச் சேர்த்து வைத்து, படக்கென்று பிரித்துக் காட்டினாள். நூல் அறுந்துவிட்டது, வா என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு வராத தறிக்காரன் இல்லை. அத்தான் ஓடி வந்தார். பெஞ்சு அருகில் வந்தபிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று விளங்கி, அசடு வழிய நின்றார்.

"காது கேக்காதா அவுகளுக்கு?" என்றாள் பார்வதியம்மாள்.

"சளி பிடிச்சிருக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"கேக்காது" என்றாள் முத்துத்தாய். "தறியில போச்சு. பெறவியில இருந்து இல்ல."

பார்வதியம்மாள் முத்துத்தாய் அருகில் வந்தாள். பிறகு, கோபமெல்லாம் இல்லாமல், "திரும்பி உக்காரு தாயி, சடையப் பாப்போம்" என்றாள். பெண் பார்க்கிற இடத்தில் முடியின் நீளம் பார்ப்பது உள்ளதுதானே. முத்துத்தாய் திரும்பி உட்கார்ந்தாள். பார்வதியம்மாள் சடையைத் தொடவில்லை. பின்னால் நின்றபடியே, "முத்துத்தாய்" என்று கூப்பிட்டாள்.

தெருவில் தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. என்றாலும் எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்டது. பெஞ்சின் அடுத்த முனையில் இருந்த குருநாதனுக்கும் கேட்டது.

"ஏ முத்துத்தாய்" என்று இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. அவள் மடியில் கை வைத்து, சடையைப் பார்த்து முடிக்கட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அத்தான் எதிரே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை இல்லாத வாய். மகள் பெயர் அந்த உதட்டில் இரண்டு தடவை வந்ததும், மகள் திரும்பாததும் அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. எங்களில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பேசுகிறவர் முகத்தையே பார்ப்பாள், மரியாதைக்காரப் பிள்ளை என்று அவளை ஊரே மெச்சும். நானும் மெச்சியிருக்கிறேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். என்ன பிரயோசனம்?

"நான் தப்பா ஒண்ணும் சொல்லல" என்றாள் பார்வதியம்மாள், அக்கா கையைப் பிடித்து. அவள் குரலும் உடைந்துதான் இருந்தது. "கெணத்தடியில இருந்து கூப்பிட்டா கேக்கணும்லா. நாளைக்குப் பிள்ள அழுதா கேக்கணும்லா. ஊருக்குப் போயி எழுதுதோம்." எழுதுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். குருநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். கேட்டைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

பூங்கா காலியாகிவிட்டது. அத்தான் எழுந்து வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் தறிக்குப் போகவில்லை. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எப்பம்ட்டி இருந்து?" என்று கேட்டார் அத்தான். அவருடைய அந்தப் பெரிய குரலில்.

"போன வருசத்துல இருந்து. வலது காது மொதல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாட்டி?"

அவள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். அவருக்கு விளங்கும்படி உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்துச் சொன்னாள்:

"சொன்னேன்ப்பா. ஒங்களுக்குக் கேக்கல."