மொக்கம்மாள் அழுத பாட்டு

சுருளிப்பட்டி மொக்கம்மாளுக்குத் திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டும் வேலை. அவள் பாடகி இல்லை. இழவு வீட்டில் யாரையாவது கட்டிக்கொண்டு அழுதால் அழுகை பாட்டாக வரும், அவ்வளவுதான்.

போன வருஷம் அவள் மகள் யுவராணி செத்துப்போனாள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. துக்கம் கேட்க வந்த பெண்களைக் கட்டிக்கொண்டு மொக்கம்மாள் அழுததை மகன் விஜய்பாண்டி போனில் பதிந்து வைத்திருந்தான். கூட்டாளிகளோடு ‘ஏழாம் வளைவு’ என்று ஒரு பாட்டுக்குழு நடத்துகிறவன் அவன். திருவிழா மேடைகளில் மற்றவர்கள் பாட்டைப் பாடுவார்கள். சொந்தப் பாட்டு ஒன்றும் வெளியிட்டதில்லை.

“ஆத்தா, நீ அழுததைப் பாட்டா போடவா? அக்காவை நாலு சனம் நினைக்கும்.”

“போடுலே. இங்கன வந்து அழாதவுகளும் அழட்டும்.”

ஒற்றை உடுக்கையை மட்டும் மெதுவாக அடித்து, அவள் குரலை அப்படியே விட்டு யூடியூபில் போட்டார்கள். ‘ஏலமலை ஏறுன கண்ணே, எறங்க வழி மறந்துச்சோ’ என்று தொடங்கும். கேட்ட பெண்கள் அழுதார்கள். “மதுரையில ஒரு பொம்பள சோறு திங்காம அழுதாளாம்” என்று மொக்கம்மாள் தோட்டத்தில் சொல்லிக்கொண்டாள். மகள் செத்தபின் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது அப்போதுதான்.

பிறகு முகம் தெரியாத யாரோ அதை வேகமாக்கிக் குத்தடி சேர்த்துவிட்டார்கள். மினி பஸ், காதுகுத்து வீடு, ரீல்ஸ் எல்லாவற்றிலும் அந்த ஆட்டப்பாட்டுதான். மெதுவானதை யாரும் தேடவில்லை.

சின்னமனூர் மண்டபத்தில் அண்ணன் ஒச்சாண்டியின் மகனுக்குக் கல்யாணம். மைக் பிடித்தவன் கத்தினான்: “அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரவுக இங்கனதான் இருக்காக! மாப்பிள்ளையோட அத்தை!”

ஒரே கைதட்டல். பெண் வீட்டுப் பிள்ளை ஒருத்தி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “அத்தை, ரீல்ஸ்ல வர்ற மாதிரி வெரசா படிக்கணும். இழுத்தீகன்னா விடமாட்டேன்!”

மொக்கம்மாள் அண்ணனைப் பார்த்தாள். ஒச்சாண்டி கிட்டே வந்தார்.

“ஒரு வரி படி தாயி. சம்பந்தி வீட்டுல ஆசைப்படுறாக.”

“அது என்ன பாட்டுன்னு உனக்குத் தெரியாதாண்ணே?”

“தெரியும். இப்ப அதைச் சொன்னா, கல்யாண வீட்டுல ஒப்பாரியான்னு எந்திரிச்சுப் போயிருவாக. பேசாம படிச்சுரு.”

படித்தாள். அவள் குரலுக்குப் பின்னாலேயே கொட்டடி ஏறியது. பையன்கள் விசிலடித்து ஆடினார்கள். மணப்பெண்ணும் கைதட்டினாள். சாப்பாட்டுப் பந்தியில் நின்ற விஜய்பாண்டி சாம்பார் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் அவள் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கியிருந்தாள்.

அன்றைக்கே அவன் பாட்டை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டான். மறுநாள் காலையிலும் மினி பஸ் அதே பாட்டோடு தெருவைக் கடந்தது.

“எடுத்துட்டேன்னியே?”

“நாங்க போட்டதைத்தான் எடுக்க முடியும் ஆத்தா. அது வேற யாரோ போட்டது.”

“அப்ப நான் அழுதது மட்டும் போச்சா?”

“என் போன்ல இருக்கு ஆத்தா.”

“உன் போனுக்குள்ள இருந்தா யாருலே அழுவா?”

வருஷத் திதிக்குக் குச்சனூர் மதினி வந்தாள். வாசலிலேயே கையை விரித்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மொக்கம்மாள் வாயைத் திறந்தாள். ‘ஏலமலை’ என்றதுமே காதுக்குள் குத்தடி விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள். மதினி மட்டும் தனியாக அழுதாள்.