மஞ்சள் வேட்டியில் ஒரு கருப்பு நூல்

கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் திருத்தணி மலைக் கோபுரம் பளிச்சென்று தெரிந்தது. பத்து வயது குறைந்த திமிரோடு கடைக்குப் போனேன். சில வாரங்களில் அந்தக் கண்ணில் ஒரு கருப்பு நூல் வந்து குடியேறியது. எங்கே திரும்பினாலும் கூடவே வந்தது. சோற்றில், சுவரில், மனைவியின் நெற்றியில்கூட.

என்னுடையது துணிக்கடை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் மஞ்சள் வேட்டிக்கு என்னிடம்தான் வருவார்கள். லுங்கி ஓட்டிய தறியில் மஞ்சளை ஓட்டினால் ஒன்றிரண்டு கருப்பு நூல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வேண்டுதல் துணியில் கருப்பு ஆகாது. ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துத்தான் அடுக்குவேன். கடையின் பெயரே அதில்தான் இருக்கிறது.

அந்த வாரம் பொதட்டூர்பேட்டை நெசவாளி கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் கழித்துவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்க கீது கருப்பு? விரல் வெச்சிக் காட்டுங்க மொதலாளி."

வைத்தேன். நூல் விரலுக்கு அடியிலிருந்து நழுவி வேட்டியைத் தாண்டித் தரைக்குப் போனது. எனக்கு மானமே போயிற்று.

கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் நிதானமாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள கூழ் மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. அது சுருங்கிப் பின்பக்கத்துல இருந்து பிரிஞ்சிருக்கு. நீங்க பாக்கறது அதோட நிழல். பழகிடும். ஆனா மின்னல் வெட்டினாலோ, ஓரத்துல திரை விழுந்தாலோ உடனே ஓடியாந்துடணும்."

பழகிடுமாம். கொசு என்றால் அடிக்கலாம், வாடகைக்காரன் என்றால் காலி செய்யச் சொல்லலாம். இதை என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு உட்காரவும் முடியாது, திறந்துகொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. என்னை என் கண்ணுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதுபோல மூச்சு முட்டியது.

அதன் பிறகு எந்த வேட்டியில் கருப்பு தெரிந்தாலும், 'இது நம்ம ஆள்தான்' என்று அடுக்கிவிட்டேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள், விரத மாலை போட்ட ஒருவர் கடையிலேயே வேட்டியை விரித்தார்.

"இன்னா பெரியவரே, கருப்பு நூல் ஓடிகினு கீது? இதக் கட்டிகினா காவடி எடுக்கறது?"

விரலை வைத்தேன். இந்த முறை அது நகரவில்லை.

மனைவி அவருக்கு வேறொன்றைப் பார்த்துக் கொடுத்தாள். பிறகு மொத்த அடுக்கையும் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தாள். நான் கல்லாவில் உட்கார்ந்து, ஓரத்தில் திரை விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.