அக்கா இறக்கி வைத்த காளான்கள்

போன ஞாயிறு என் மகள் கைபேசியில் ஏதோ ஒரு மாயலோக விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். வாளும் கையுமாக ஒருத்தி ஓடுகிறாள். இரண்டு பக்கமும் கூரையைத் தாண்டிய உயரத்தில் காளான்கள், நீலமாக மினுங்குகின்றன. "கொஞ்சம் நில்லும்மா, பாப்போம்" என்றேன். "அதுல ஒண்ணும் இல்லப்பா, சும்மா காளான்" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். சும்மா காளானாம். எனக்குச் சுருக்கென்றது.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த மாதிரிக் காளான்களைப் பார்க்க என் கண்ணைத் திறந்துவிட்டவள் என் அக்கா. அப்போது நான் பதுளைக் கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை செய்தேன். கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை முதலாளி என்னிடமே கொடுத்துவிட்டார். அந்தக் குண்டு மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் தெமோதரைப் பக்கம் போகும் பஸ்ஸில் வந்தேனே, மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது. சூடானால் அதிலிருந்து வெந்த தூசி வாசனை வரும். மழை நாளில் வெளியே இருந்து வரும் ஈரமண் வாசனையோடு அது கலந்துவிடும். தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் வைத்துத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. நான் முதல் பொந்திலேயே எலி கடித்துச் செத்தேன். ஏழெட்டுத் தடவை.

அக்கா கொழுந்து பறிக்கிறவள். மழைக்கு வேலை நின்ற ஒரு மத்தியானம் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். சண்டையே போடவில்லை. பூதத்தைக் கண்டால் சுற்றிப் போவாள். மரத்தடியில், கல்லிடுக்கில், நான் பத்துத் தடவை கடந்தும் பார்க்காத இடத்திலெல்லாம் காளான் பறித்தாள். அந்த விளையாட்டில் ஒரு காளான் மருந்தா விஷமா என்று தெரிய வேண்டுமானால் தின்று பார்க்க வேண்டும். அதைச் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியாத காளான தின்னு பாக்கிறதா? ஒனக்கென்ன கிறுக்கா தம்பி?"

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தானே. இடிமழைக்குப் பிறகு தேயிலைக்கடியில் முளைப்பதில் எது சோற்றுக்கு, எது ஆஸ்பத்திரிக்கு என்று பயந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆக, பை நிறையக் காளானைச் சுமந்துகொண்டே எங்கள் வீரன் காயத்தோடு அலைந்தான். ஒருநாள் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்து, அடியடியாக நகர்ந்தான். நான் ரிப்பேர்க்காரன் அல்லவா, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று திருப்புளியை எடுத்துவிட்டேன். அக்காவுக்குத்தான் உடனே விளங்கியது.

"கூடை நெறஞ்சிருச்சுடா. எறக்கணும்."

அந்தச் சமயம் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தாள். எங்கள் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. பதுளையைத் தாண்டிப் போகாதவள். போகும் தேதியும் வந்துவிட்டது. "நல்ல எடமா பாத்து எறக்கிட்டுப் போறேன்" என்றாள். இரண்டு மத்தியானம் அந்த வீரன் சுமையோடு ஒரு குகைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தான்.

திடீரென்று குகை அகன்றது. மேலே முடிவு தெரியவில்லை. எத்தனையோ பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தண்டுகள், அவற்றின் மேல் நீலக் குடைகள், குடைக்கடியிலிருந்து வெளிச்சம் மாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டதா, எங்கள் கூரையிலா, தெரியவில்லை. அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது.

"ஆத்தாடி" என்றாள் மெதுவாக. "இதயெல்லாம் யாருடா நட்டது?"

பிறகு பையிலிருந்த காளான்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பெரிய தண்டின் அடியில் வரிசையாக வைத்தாள். அவசரமே படவில்லை.

"நான் வர்ற வரைக்கும் இது இப்புடியே இருக்கட்டும். யாரையும் தொட விட்றாத."

"சரிக்கா" என்றேன்.

அவள் போன மூன்றாம் மாதம் லயத்துக்குப் பக்கத்தில் இடி விழுந்தது. கம்ப்யூட்டர் கருகிவிட்டது. கடையில் ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தேன், ஒன்றையும் மீட்க முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்கா அங்கிருந்து போன் எடுத்துப் பேசியபோது கடைசியில் கேட்டாள், "அந்தக் கொகை இருக்கா?"

"இருக்குக்கா."

பாழாய்ப்போன வாய். ரெண்டு வருசம் என்று போனவள் நாலு வருசம் இருந்தாள். கேட்டபோதெல்லாம் இருக்குக்கா, இருக்குக்கா.

மெலிந்துபோய் வந்தாள். கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்புகள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அங்க துணி தேய்க்கிறப்பல்லாம் மனசால அதுக்குள்ளதான்டா நடப்பேன்" என்றாள். "எங்க திரும்பணும், எங்க எறக்கி வச்சேன், எல்லாம் கண்ணுலயே நிக்கும். பொறகு ஒன்னொன்னா மங்க ஆரம்பிச்சிருச்சு. போனாப் போகுது, தம்பிதான் பத்திரமா வச்சிருக்கானேன்னு விட்டுட்டேன்."

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளாவது அதை விடாமல் பிடித்து வைத்திருப்பாள். இப்போது அந்தக் குகை எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.