மிசின் ஓடுது எண்டு சொல்ல வந்தவா

வாட்டர் பம்ப் திருத்துறவனை ஒருத்தரும் சந்தோசமான நேரத்தில தேடி வாறதில்லை. விடிய எழும்பிக் கயிறு சுத்தி இழுத்து இழுத்துத் தோள்மூட்டு இறங்கி, வீட்டில சண்டை பிடிச்சு, மிசினுக்கு ஒரு உதையும் குடுத்துப்போட்டுத்தான் என்னட்டை வருவினம். எண்பதுகளில வன்னியில தோட்டம் செய்த ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் இழுத்திருப்பியள், நீங்களும் உதைச்சிருப்பியள். அந்த உதையில வளைஞ்சதை என்னைப்போல ஒருத்தன்தான் இருந்து நிமித்தியிருப்பான்.

ஓடினால் முருகன், நிண்டால் நான்

வட்டக்கச்சியில என்ர வீட்டு முன்பத்தியிலதான் வேலை. வழமையா வாறவையில சின்னத்தம்பியண்ணை ஒருத்தர். யாழ்ப்பாணத்திலயிருந்து குடியேற்றத் திட்டத்தில காணி எடுத்து வந்தவர். வயல் போக, மேட்டுக்காணியில வெங்காயமும் வைச்சிருந்தார். மிசினைச் சைக்கிள் கரியரில பழைய ரியூப்பால வரிஞ்சு கட்டிக்கொண்டு அவர் வந்து இறங்கினால், அண்டைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு பிந்தும்.

ஒருக்கா கார்புரேட்டரை முழுக்கக் கழட்டி, அடைப்பெடுத்து, பிளக்கையும் துடைச்சுப் பூட்டிக் கயிறு இழுத்தன். முதல் இழுவையிலயே பிடிச்சுது. அண்ணை கண்ணை மூடி, ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பி, "முருகா" எண்டார். முழங்கை வரைக்கும் எண்ணெயோட நான் பக்கத்தில நிக்கிறன். என்ர பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. முருகனோட எனக்கென்ன கோவம்? ஆனா பிளக் துடைச்சது நானெல்லோ. அடுத்த கிழமை மிசின் திரும்பவும் நிண்டுபோச்சு. கட்டின ரியூப்பை அவிழ்க்க முந்தியே அண்ணை தொடங்கிட்டார்.

"தம்பி, நீ கை வைச்ச நாளிலயிருந்துதான் இது இந்த ஆட்டம் ஆடுது."

நான் நன்றி சொல்லப் பழகினது

ஊரில ஒருத்தருக்கும் நன்றி இல்லை எண்டு நான் சாப்பிடயிக்கை எல்லாம் புறுபுறுப்பன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள் என்ர மனுசி, நீங்கள் ஆருக்குச் சொன்னனீங்கள் எண்டு கேட்டா. நியாயமான கேள்விதான். அடுத்த நாளிலயிருந்து பழகிறதெண்டு முடிவெடுத்தன்.

பக்கத்து வீட்டுக்காரன் ஒரு ஸ்பனர் இரவல் தந்தான். திருப்பிக் குடுக்கயிக்கை நன்றி எண்டு சொன்னன். அவன்ர முகம் கறுத்துப்போச்சு. தன்னைப் பிறத்தியாளாக்கிப் போட்டன் எண்டு பிறகு தன்ர வீட்டில சொல்லிக் கவலைப்பட்டவனாம். எங்கட பக்கத்தில அந்தச் சொல்லு மேடையில மாலை போட்டுச் சொல்லுறதுக்குத்தான். சொந்த ஆக்களிட்டச் சொன்னால், இதோட உனக்கும் எனக்கும் ஒண்டுமில்லை எண்டு வேலி அடைக்கிற மாதிரி. இது தெரியாமல் அண்டைக்கு மத்தியானம் சோத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு மனுசிக்கும் ஒருக்காச் சொல்லிப்போட்டன். கறிச்சட்டிக்குள்ள போன அகப்பை அப்பிடியே நிண்டுது. என்ர முகத்தையும் கோப்பையையும் மாறி மாறிப் பாத்தா.

"ஏனப்பா, சோறு பழுதோ?"

வித்த சாமான்

சொல்லு சரிவராது எண்டு விளங்கினாப் பிறகு வழியை மாத்தினன். உதவின ஆளிட்டத் திரும்பிப் போய், நீ செய்ததால இன்ன காரியம் சரிவந்தது எண்டு சொல்லிப்போட்டு வாறது. அவ்வளவுதான். இதில ஒரு வில்லங்கம் இருக்கு. போய்ச் சொல்லோணும் எண்டால், ஆர் ஆர் உதவினது எண்டு முதல் இருந்து யோசிக்கோணும். யோசிக்க யோசிக்க ஆக்கள் கூடிக்கொண்டே போச்சினம். என்னை ஒருத்தரும் நினைக்கிறேல்லை எண்டு புறுபுறுத்தவன், நானும் எவ்வளவு பேரை நினையாமல் திரிஞ்சிருக்கிறன் எண்டு பாத்து வாயை மூடிக்கொண்டன்.

கிளிநொச்சி ரவுணில சாமான் கடை வைச்சிருந்த முதலாளி ஒருத்தர், எங்கயும் கிடையாத ஒரு வாஷரைப் பழைய பெட்டியெல்லாம் கிண்டி எடுத்துத் தந்தவர். அது நல்லாப் பொருந்தி வேலை செய்தது. அதைச் சொல்லுறதுக்கெண்டே வெய்யிலுக்குள்ள சைக்கிள் உழக்கிக்கொண்டு போனன். என்னைக் கண்டதும் அவற்ற கண் என்ர கையைத்தான் தேடினது. போன கிழமை தந்த வாஷர் எண்டு வாயெடுத்ததுதான், கையை உயத்தி என்னை மறிச்சுப்போட்டார். அந்தாளிலயும் பிழையில்லை. இவ்வளவு காலக் கடையில நல்ல சேதியோட ஒருத்தரும் திரும்பி வந்திருக்க மாட்டினம்.

"வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்லை."

பூ

எங்கட ஊருக்கு அங்கால, கலவரத்தோட மலையகத்திலயிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி இருந்தவை. அதில ஒரு ஆள் பார்வதியக்கா. கன காலம் மற்றவையின்ர தோட்டத்தில கூலிக்கு நிண்டு, அந்த வருசம்தான் தன்ர காணியில தன்ர எண்டு மிளகாய் வைச்சவா. மிளகாய்க் கண்டு பூத்துச் சொரிஞ்சு நிக்குது, கச்சான் காத்து நெருப்பா அடிக்குது, அவாவின்ர மிசின் நிண்டுபோச்சு.

கழட்டிப் பாத்தன். பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயில் எரிஞ்சிட்டுது. அது புதுசுதான் போடோணும். அந்த நேரம் சண்டையால பாதை பூட்டு. ரவுணில ஒரு கடையிலயும் சாமான் இல்லை. அவாவும் புருசனும் கிணத்திலயிருந்து வாளியால அள்ளி அள்ளி ஊத்திச்சினம். அந்தக் காத்துக்கு அது எந்த மூலைக்கு? அவா என்னை ஏசேல்லை, அழவும் இல்லை. ஏசியிருந்தாலும் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

"இந்தப் பூ கொட்டிருச்சுன்னா மறுபடி கூலிக்குத்தாங்க போகணும், தம்பி."

படலையில நிண்டவா

அதே மாதிரி மிசின் எங்கட பக்கத்தில சின்னத்தம்பியண்ணையிட்டத்தான் இருந்தது. போய் விசயத்தைச் சொல்லி மிசினை இரவல் கேட்டன். அந்தப் பிள்ளையின்ர கொயிலையும் நீதான் எரிச்சனியோ எண்டுதான் முதல் கேட்டார். பிறகு தன்ர வெங்காயப் பாத்தியைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டார். அதுக்கும் தண்ணி காணாத நேரம்தான். பேசிப் பேசியே மிசினைத் தூக்கி என்ர கரியரில தானே கட்டினார். ரெண்டு தோட்டத்துக்கும் மாறி மாறி இறைக்கலாம், ஆனா தன்ர வெங்காயம் வாடினால் என்னைத்தான் பிடிப்பாராம். பின்னேரம் பார்வதியக்காவின்ர வாய்க்காலில தண்ணி ஓடினது. அவா அதுக்குள்ள இறங்கி நிண்டு, தண்ணி போற பக்கமே பாத்துக்கொண்டிருந்தா.

அடுத்த நாள் காலமை, என்ர பழக்கப்படி, அண்ணையிட்டச் சொல்லப் போனன். நான் வாய் திறக்க முந்தி, பார்வதியக்கா சீலைத் தலைப்பால தலையை மூடிக்கொண்டு ஒழுங்கையால நடந்து வாறா. கண்டதும் அண்ணைக்கு முகம் செத்துப்போச்சு. நான் அப்பவே நினைச்சனான் எண்டு என்னை ஒரு பார்வை பாத்துப்போட்டுப் படலைக்கு ஓடினார். மிசின் நிண்டிட்டுதோ எண்டு கேட்டார். அவா படலைக்கு வெளியிலயே நிண்டா.

"இல்லீங்கய்யா, நல்லா ஓடுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அண்ணை படலையை அகலத் திறந்துவிட்டார்.

"உள்ள வா பிள்ளை. இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

வெறுங் கரியர்

பாதை திறந்து கொயில் வருமட்டும் அந்த ஒரு மிசின்தான் ரெண்டு பக்கமும் ஓடினது. பூக் கொட்டேல்லை. பார்வதியக்காவின்ர முத்தத்தில மிளகாய் சிவப்பாக் காய்ஞ்சதை நான் போய்ப் பாத்தனான்.

பிறகு ஒரு நாள் காலமை சின்னத்தம்பியண்ணை சைக்கிளில வந்தார். நான் கையைத் துடைச்சுக்கொண்டு பேச்சு வாங்க ஆயத்தமா எழும்பினன். கரியரைப் பாத்தால் ஒண்டும் இல்லை. அண்ணை இறங்கவும் இல்லை. ஒரு காலை நிலத்தில ஊண்டிக்கொண்டு, என்ர முகத்தைப் பாக்காமல் வேலியைப் பாத்துச் சொன்னார்.

"மிசின் ஓடுது, தம்பி."

சொல்லிப்போட்டு வந்த வழியே உழக்கிக்கொண்டு போயிட்டார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. எண்ணெய்க் கையால துடைச்சதில அது இன்னும் எரிஞ்சுது.

அடுத்த கிழமை அந்த மிசின் திரும்பவும் நிண்டுபோக, அது வழமைபோல என்ர பிழையாத்தான் இருந்தது, ஆனா அண்டைக்குப் பேச்சு வாங்கி வாங்கிக் கயிறு இழுத்ததில எனக்குத் தோள் கொஞ்சமும் நோகேல்லை.