முகம் கழுவாத காலை

மார்ச் பதினொன்று, காலை ஆறேகால் மணி, காற்றில்லாத புழுக்கம். கிணறு வற்றியதால், கரமனையில் என் கீரைப் பாத்திகளுக்கு சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தம் செய்த கழிவுநீரை லாரியில் கொண்டுவரும் டிரைவர் வந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் சீப்பு. வால்வைத் திறந்ததும் முதலில் அந்த நீரில் தன் முகத்தைக் கழுவிக் காட்டுவது அவர் வழக்கம். அதைப் பார்த்த பிறகே பாத்திக்கு விடச் சொல்வேன்.

அன்று கழுவவில்லை.

"ஏன், இன்னைக்கு மூஞ்சி அலம்பலையா?"

"சளி பிடிச்சிருக்கு சாமி. பச்சத் தண்ணி ஆகாது."

"பதினோரு வீட்டுல திங்கற கீரை. திருப்பிக் கொண்டுபோங்கோ."

"இன்னைக்கு நனைக்கலேன்னா கருகிரும். பொறவு என்னையக் குத்தம் சொல்லப்பிடாது."

கேட்டைச் சாத்தினேன். வண்டியைத் திருப்பும்போது அவர் இரண்டு முறை தும்மியது கேட்டது. அது நிஜத் தும்மலா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. லாரிக்கூலியும் கருகிய கீரையுமாக எனக்கு இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் நஷ்டம்.