பச்சை பெயின்ட்டைக் குடித்த கதவு

எழுபதுகளில் விருத்தாசலத்தில் வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. நானும் என் கணவரும் நாங்களே பெயின்ட் அடிக்கத் தொடங்கினோம். முதல் பூச்சுக்குப் பிரைமர் வாங்கலாம் என்றவரை, "மேல பெயின்ட்டு அடிச்சா மறையத்தானே போவுது, அது எதுக்குங்க?" என்று தடுத்தவள் நான்தான்.

புதுக் கதவு பச்சை பெயின்ட்டை உறிஞ்சிக்கொண்டு திட்டுத்திட்டாக நின்றது. டப்பாவில் பாதிதான் மிச்சம். பழைய வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பொருத்திய ஜன்னல்கள் வேறு பாக்கி.

"இதுங்களுக்கும் பிரைமர் வேணுமா?" என்று கவலையோடு கேட்டார்.

நான் பீங்கான் பட்டறையில் வேலை செய்தவள். மெருகு ஏறாத கோப்பை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஏறியதில் தண்ணீர் அப்படியே நிற்கும். அது நினைவுக்கு வந்ததும் ஓடிப்போய் ஜன்னலில் தண்ணீர் தெளித்தேன். முத்து முத்தாக நின்றது. கதவின் பெயின்ட் படாத உட்பக்கத்தில் தெளித்தேன். நொடியில் மறைந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. கதவு குடிக்குது, பழைய பெயின்ட்டு இருக்கற ஜன்னல் குடிக்கல. ஜன்னல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போதும். கதவுக்கு மட்டும் பிரைமர் வாங்குங்க."

அவரும் தெளித்துப் பார்த்துச் சிரித்தார். "கடை மூடறதுக்குள்ள போயிட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்தார்.

விசேஷத்தன்று பளபளத்த கதவைப் பாராட்டியவர்களிடமெல்லாம், "இவ கண்டுபுடிச்சதுங்க" என்றார். முதலில் பிரைமர் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் இன்று நானே சொல்கிறேன்.