கிடங்கில் வந்த கண்ணீர்

வெர்டின் டாலிவர் மாட்டிக்கொண்டது குழந்தைப் பவுடரால். டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயர் கிடங்கு. சனிக்கிழமை மதியமானால் அங்கே ஆடப் போய்விடுவாள். கால் தடையில்லாமல் சுழல வேண்டுமென்று சிமெண்டுத் தரையில் பவுடரைத் தூவித்தான் ஆடுவார்கள். ஒரு வாரம் ஷூவைத் துடைக்க மறந்து, மறுநாள் அதோடேயே சபைக்கு வந்துவிட்டாள். வாசல் கதவிலிருந்து பிரசங்க மேடை வரை சிவப்புக் கம்பளத்தில் வெள்ளை வெள்ளையாய்க் காலடி.

வாசல் ஊழியக்காரிகளுக்குத் தலைவி லவோனியா குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஏண்டி, ஐம்பத்தெட்டு வயசுல புள்ள கிள்ள பெத்துட்டியா? தொட்டில் வாசனை வருது!"

"ஆடப் போனேன். அந்தப் பவுடர்."

"அதச் சத்தமா வேற சொல்றா பாரு, வெக்கங்கெட்டவ."

சத்தம் பாஸ்டர் மெரிவெதர் காதில் விழுந்துவிட்டது. புதிதாக வந்தவர். புது விளக்குமாறு நன்றாகத்தானே பெருக்கும்? வெர்டினை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கே ஆடுகிறாள், எதற்கு ஆடுகிறாள் என்று விசாரித்தார்.

"சிஸ்டர், அங்க இருக்கறது வெறும் மெஷின் சத்தம். அதுல உயிரும் கிடையாது, பரிசுத்த ஆவியும் கிடையாது. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்துல எந்திரிச்சு, 'விட்டுட்டேன்'னு சபை முன்னால சொல்லுங்க. இல்லன்னா வெள்ளைக் கையுறையக் கழட்டி வச்சிருங்க."

கையுறை என்றால் வாசல் ஊழியம். கணவன் ரூஃபஸ் போன பிறகு வெர்டினைப் படுக்கையிலிருந்து எழுப்பியதே அதுதான். யாருக்காகக் கதவைத் திறப்பது, அழுகிறவளுக்கு எப்போது விசிறி நீட்டுவது என்று ஒரு வேலை இருந்ததால்தான் அவள் ஆளாக நடமாடினாள். அதில் கை வைத்தார் மனிதர். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இரும்புத் தகட்டைக் கார் கதவாக அடித்தெடுக்கும் ஆலையில் பாதி ஆயுசு நின்றவள் அவள். அந்த இயந்திரம் இடித்த இடி முதுகெலும்பில் இன்னும் இருக்கிறது. அவளிடம் போய் மெஷின் என்கிறார்!

அந்தச் சனிக்கிழமையும் கிடங்குக்குப் போனாள். கடைசியாக ஒருமுறை என்று சாக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மேசையில் இரண்டு தாளப் பெட்டிகளையும் கட்டை உடைந்த ஒரு கீபோர்டையும் பரப்பிக்கொண்டு, அங்கே இசை போடுகிற எல்லரி நின்றான். முன்கூட்டிப் பதிந்து வைத்து ஓட்டுகிற வேலை அவனிடம் கிடையாது. ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்தே விரல் போகும். கால் தளர்ந்தால் தாளத்தை இறக்குவான். கால் கேட்டால் கொடுப்பான். வெர்டின் ஆளுயர ஸ்பீக்கருக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். சத்தம் காதுக்கு வருமுன் எலும்புக்கு வந்தது. அடிவயிற்றில் இடித்து, நெஞ்சில் ஏறி, பல்லில் அதிர்ந்தது. ஆலையில் அவளைத் தேய்த்த அதே இடிதான். ஆனால் இங்கே அது அவளிடம் எதையும் பிடுங்கவில்லை, கொடுத்தது. மூட்டுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. "இன்னும்!" என்று கத்தினாள். எல்லரி சிரித்துக்கொண்டே இன்னும் கொடுத்தான். அடுத்தவர் வியர்வை, தன் வியர்வை என்ற பேதமில்லாமல் நூறு பேரும் ஒரே மூச்சு விட்டார்கள். இதில் ஆவி இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் வெள்ளை உடுப்பும் கையுறையுமாக எழுந்தாள். வழக்கம்போல ஆர்கன்காரர் பின்னால் மெல்ல வாசிக்கத் தொடங்கினார்.

"ரூஃபஸ் செத்து ஒரு வருஷம் இந்தக் கதவுல நின்னேன். உங்க எல்லாருக்கும் சிரிச்சேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. இங்க வரல. டயர் கிடங்குல வந்துச்சு. அந்தச் சத்தம் நெஞ்சப் புடிச்சு உலுக்குச்சு, ஆடிக்கிட்டே அழுதேன், அழுதுகிட்டே ஆடுனேன். ஆண்டவர் அங்க வந்தாரு. பாஸ்டர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வந்தாரான்னு எனக்குத் தெரியாது."

"ஆமென்!" என்று பின் வரிசையில் யாரோ வெடித்தார்கள்.

"விடமாட்டேன். கையுறையையும் கழட்டமாட்டேன்."

ஆர்கன்காரரின் கால், ஆர்கனுக்கு அடியிலிருந்த கனத்த சுரக் கட்டையை அழுத்தியது. தம், தம், தம், தம். வெர்டினின் கால் அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள். சபை நடுவில் நின்று கிடங்கில் ஆடியதையே ஆடினாள். பாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவளை உட்காரவை என்று லவோனியாவுக்குச் சைகை காட்டினார்.

லவோனியா விறுவிறுவென்று வந்தாள். அவ்வளவுதான், ஊழியம் போயிற்று என்று வெர்டின் நினைத்தாள். ஆனால் லவோனியா அவள் தோளைத் தொடவில்லை. பக்கத்து ஊழியக்காரியைக் கண்ணால் கூப்பிட்டாள். இருவரும் வெள்ளைக் கைகளைக் கோத்து வெர்டினைச் சுற்றி வளையம் போட்டார்கள். ஆவி இறங்கியவர் கீழே விழாமல் இருக்க ஊழியக்காரிகள் போடுகிற வளையம். அந்த வளையத்தைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவரை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை, பாஸ்டருக்கும்தான். சபை எழுந்து கைதட்டத் தொடங்கியது. மெரிவெதர் வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சீக்கிரம் முடிடி," என்று லவோனியா காதோரம் சீறினாள். "கை கடுக்குது. அவரு என்னையே முறைக்கிறாரு."

"முறைக்கட்டும். நல்லா இறுக்கிப் புடி," என்றாள் வெர்டின். "இன்னும் ஆடணும்."